வழி தெரிந்தவர்கள்

கனடாவின் வடமேற்கில், யூகான் பிரதேசத்து டாசன் நகருக்கு அருகே தொடங்குகிறது டெம்ஸ்டர் நெடுஞ்சாலை. ஏறத்தாழ 740 கிலோமீட்டர் வடக்கே ஓடி இனுவிக் என்னும் சிற்றூரை அடைகிறது. 1979-இல் திறக்கப்பட்ட இச்சாலை பெயருக்குத்தான் நெடுஞ்சாலை. உண்மையில் சரளைக்கல் பாதை. அடியில் இருப்பது ஆண்டு முழுவதும் உருகாத உறைநிலம். வெப்பம் இறங்கி அது இளகினால் சாலையே அமிழ்ந்துவிடும். ஆகவே சில இடங்களில் 2.4 மீட்டர் கனம் வரை சரளையைக் கொட்டி, கம்பளி போர்த்துவதுபோல் பனியைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள்.

2019 ஜூலையில் தம்பியுடன் அவ்வழியே சென்றேன். எட்மண்டனில் பல்லாண்டுகளாக வாழ்பவன் அவன். மூன்றே நாளில் ஆர்க்டிக் கடலைத் தொட்டுவிட வேண்டும் என்பது அவன் திட்டம். சாலை அதற்கு இசையவில்லை. கூரிய பாறைச்சில்லுகள் டயரைக் கிழிப்பவை என்பதால் இரண்டு ஸ்டெப்னிகள் கொண்டு சென்றோம். முதல் நாளே ஒன்றை மாட்ட வேண்டியதாயிற்று. அதன்பின் அவன் வேகத்தை மறந்தான்.

71-ஆவது கிலோமீட்டரில், டூம்ஸ்டோன் மலைகளின் அடியில் முதல் கூடாரம். முகாமில் கட்டணம் வாங்க ஆளில்லை. பணத்தை உறையிலிட்டு இரும்புப்பெட்டியில் போட்டுவிட்டு, அடுக்கியிருக்கும் விறகை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கரடிக்கு அஞ்சி உணவு முழுவதையும் காருக்குள் பூட்டினோம். முதலில் உள்ளே போனது பெருங்காய டப்பா. வடக்கே செல்லச் செல்ல மரங்கள் குட்டையாகின. உறைநிலத்தில் வேர் ஆழ இறங்க வழியின்றி, ஆளுயர ஸ்ப்ரூஸ் மரங்கள் திசைக்கொன்றாகச் சாய்ந்து நின்றன.

எஞ்சினியர் கிரீக் முகாமில் நள்ளிரவுக்குப் பிறகும் இருட்டவில்லை. கொசுக்களுக்காகப் புகைமூட்டி அமர்ந்திருந்தோம். “அண்ணா, அம்மா கடைசியில என்னக் கேட்டாங்களா?” என்றான். 2014-இல் அம்மா இறந்தபோது அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காரியம் முடிந்த மறுநாளே விமானம் ஏறிவிட்டான். ஐந்து ஆண்டுகளாக இருவரும் அதைப் பேசியதில்லை. குளிர்காலத்தில் அவனுக்கு மூச்சு இழுக்குமே, அங்கே யார் கஷாயம் வைத்துத் தருவார்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்ததைச் சொன்னேன். அவன் நெடுநேரம் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டான். அவசரப்பட்டுச் சொல்லிமுடிக்க வேண்டிய தேவை எனக்கும் இல்லை.

405-ஆவது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்தோம். பீல் ஆற்றைப் படகில் தாண்டினால் குவிச்சின் பழங்குடியினரின் ஊரான ஃபோர்ட் மக்ஃபெர்சன். அங்குள்ள தேவாலயக் கல்லறைத்தோட்டத்தில் நான்கு காவலர்கள் துயில்கிறார்கள். 1910 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அதிகாரியின் தலைமையில் நாய்ச்சறுக்கு வண்டிகளுடன் இங்கிருந்து டாசனுக்குப் புறப்பட்டவர்கள். பயணத்தை விரைந்து முடிக்க எண்ணி உணவைக் குறைத்தே எடுத்துச் சென்றனர். வழியில் எசா ஜார்ஜ் என்ற குவிச்சின் மனிதர் சில நாள் வழிகாட்டினார். கூலி கொடுத்து அவரை அனுப்பிவிட்டார்கள். பின்னர் திரும்ப வேண்டிய ஓடையைக் கண்டுபிடிக்க இயலாமல் நாள்கணக்கில் அலைந்து, நாய்களையே உண்டு, பின்வாங்கும் வழியில் மடிந்தார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டின் உடல் ஊருக்கு 40 கிலோமீட்டர் தொலைவில் கிடைத்தது.

1911 மார்ச்சில் அவர்களைக் கண்டெடுத்தது டெம்ஸ்டரின் குழு. சாலைக்கு இன்று அவர் பெயர். அவருக்கு வழிகாட்டிச் சென்றவர் சார்லி ஸ்டூவர்ட், அவரும் குவிச்சின் இனத்தவர். அந்நிலத்தைத் தலைமுறைகளாக நடந்து அறிந்தவர்களின் பெயர்களைச் சாலை நெடுகிலும் தேடினேன். என் கண்ணில் படவில்லை. இலக்கணம் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் வியப்பில்லை. எழுதிவைத்தவன் பெயர் நிற்கும். வழங்கிவந்தவன் பெயர் நிற்பதில்லை.

கடலுக்கு இன்னும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. “போதும்ணா, மெதுவாத் திரும்பலாம்” என்றான் தம்பி. திரும்புகையில் நான்கு இரவுகள் தங்கினோம்.