எல்லயில் அடுத்து என்ன வரும்?



2025 ஆகஸ்ட் மாதத்தில் கிளிநொச்சியிலிருந்து 17 பெண்களை அழைத்துக்கொண்டு பதுளைக்குச் சென்றேன். எல்லோரும் யுத்தத்தில் கணவனையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்கள். ஒரே சேமிப்புக் குழுவின் அங்கத்தவர்கள். மலையகப் பெண்களைச் சந்தித்து, அவர்கள் வாழும் நிலையை நேரில் கண்டு வருவதே எமது பயணத்தின் நோக்கம். அதில் ஒரு நாளை எல்லயைச் சுற்றிப் பார்ப்பதற்கென ஒதுக்கியிருந்தோம்.

எங்கள் குழுவில் எல்லோரும் பெரியக்கா என்று அழைக்கும் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அது அந்நிய ஊரல்ல. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். 1977 வன்செயலின்போது அவருக்கு ஐந்து வயது. ஒரு துணி மூட்டையுடன் குடும்பம் வன்னிக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அன்றுதான் முதன்முறையாக மலை ஏறினார். "குளிர் மட்டும்தான் ஞாபகம் இருக்குது பிள்ளை" என்றார்.

பதுளையில் ரயில் ஏறினோம். தெமோதரையை நெருங்கும்போது ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. பின் மலையைச் சுற்றி மேலே ஏறி, அதே சுரங்கத்துக்கு நேர் மேலே உள்ள தெமோதரை நிலையத்தில் போய் நிற்கிறது. இந்த வளைவுக்கு ஒரு கதை சொல்வார்கள். செங்குத்தான மலையில் பாதையை எப்படி ஏற்றுவது என்று பொறியியலாளர்கள் திகைத்து நின்றபோது, ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டினாராம். அதைப் பார்த்துத்தான் யோசனை பிறந்ததாம். கதை உண்மையோ பொய்யோ, எங்கள் பெண்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

தெமோதரைக்கும் எல்லக்கும் நடுவில் ஒன்பது வளைவுப் பாலம் வருகிறது. 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டும்தான், உருக்கு இல்லை. நீளம் சுமார் 91 மீற்றர், உயரம் 24 மீற்றர். பாலத்தின் இரு பக்கமும் படம் பிடிக்கும் உல்லாசப் பயணிகள் நிறைந்து நின்றார்கள். தேயிலையும் கொழுந்து எடுக்கும் மக்களும் இருந்ததால் இந்த மலைக்கு வந்த ரயில், இன்று பார்ப்பவர்களுக்கு ஒரு சவாரியாகிவிட்டது.

எல்லயில் இறங்கி, சின்ன சிவனொளிபாத மலைக்குப் போகும் தேயிலைப் பாதையில் நடந்தோம். அங்கேதான் 'பிளையிங் ராவணா' என்னும் கம்பிச் சவாரி இருக்கிறது. அரைக் கிலோமீற்றருக்கும் கூடிய நீளத்தில் இரண்டு கம்பிகள் அருகருகே போகின்றன. இடுப்பில் வார் கட்டிக்கொண்டு இருவர் ஒரே நேரத்தில் தேயிலைச் செடிகளுக்கு மேலே பறக்கலாம். அதே பாதையில் பள்ளத்தாக்கை நோக்கி ஆடும் பெரிய ஊஞ்சலும் உண்டு.

முதல் சவாரிக்காரர் "விர்ர்" என்ற சத்தத்துடன் போனபோது எங்கள் பெண்களில் பாதிப் பேர் குனிந்து தலையைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவர் நிலத்திலேயே அமர்ந்துவிட்டார். ஷெல் சத்தம் கேட்டுப் பழகிய உடம்பு அது. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். இரண்டாவது முறை சத்தம் வந்தபோது யாரும் குனியவில்லை. மூன்றாவது முறை பறந்தவருக்குக் கை காட்டினார்கள்.

பிற்பகலில் அருகிலுள்ள ஒரு தோட்டத்தின் லயத்துக்குப் போனோம். ரொட்டியும் சம்பலும் தேநீரும் தந்தார்கள். எங்கள் கம்பிச் சவாரிக் கதையைக் கேட்டதும் லயத்து இளைஞர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எல்லயில் அடுத்து என்ன வரும் என்பதே அவர்களின் ஓயாத பேச்சு. ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், மலைக்கு மலை கேபிள் கார் வரும் என்றார். இன்னொருவர், "கண்ணாடிப் பாலம்தான், பார்த்துக்கிட்டே இருங்க" என்றார். சாதாரண தரம் எழுதக் காத்திருந்த ஒரு தங்கை, சரிவில் வளைந்து வளைந்து ஓடும் சிறு வண்டிகள் வரும் என்று பந்தயம் கட்டினாள். அது வந்தால் சீட்டு விற்கும் வேலைக்குத் தான் போவேன் என்றும் சொன்னாள். அவர்களிடம் ஆதாரமும் இருந்தது. லயத்துக்குப் பின்னால் சரிவில் வரிசையாகக் கட்டைகள் அடிக்கப்பட்டிருந்தன. தலையில் சிவப்பு வர்ணம்.

தாய்மார்கள் இந்தப் பேச்சில் சேரவில்லை. ஒருவர் மெதுவாக என்னிடம் சொன்னார்: "யாரோ வந்தாங்க, அளந்தாங்க, அடிச்சாங்க, போயிட்டாங்க மிஸ். எதுக்குன்னு நாங்களும் கேக்கல, அவங்களும் சொல்லல. நம்மள எழும்பச் சொல்லுவாங்களோன்னு ராவைக்குத் தூக்கம் வருதில்ல."

ஒரே கட்டையைப் பிள்ளைகள் சவாரியாகப் பார்க்கிறார்கள், தாய்மார் வெளியேற்றமாகப் பார்க்கிறார்கள்.

அடுத்த சவாரி எதுவென்று ஊகிப்பது உலகமெங்கும் உள்ள பழக்கம். அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்களின் ரசிகர்கள், அங்கே தோண்டப்படும் குழியைப் படம் பிடித்தும் அனுமதி விண்ணப்பங்களைத் தேடிப் படித்தும் அடுத்து வருவதைக் கணிப்பார்கள். கணிப்புப் பிழைத்தால் அவர்களுக்குச் சிறு ஏமாற்றம், அவ்வளவுதான். ஆனால் அதே நிறுவனம் 1960களின் நடுப்பகுதியில் புளோரிடாவில் சுமார் 27,000 ஏக்கர் காணியை வேறு வேறு பெயர்களில் இரகசியமாக வாங்கியது. வாங்குவது யாரென்று ஊரே ஊகித்துக்கொண்டிருந்தது. 1965 ஒக்டோபரில் உண்மை வெளிவந்ததும் சுற்றியிருந்த காணிகளின் விலை பன்மடங்கு ஏறியது. முதலில் விற்றவர்களுக்கு அந்த விலை கிடைக்கவில்லை. விடயம் தெரிந்தவர் கையிலும் ஊகித்தவர் கையிலும் ஒரே காணிக்கு இரண்டு விலை.

புளோரிடாவில் விற்பதற்காவது காணி இருந்தது. லயத்து மக்களில் மிகப் பலருக்கு அவர்கள் குடியிருக்கும் அறைக்கே உறுதி இல்லை. ஆகவே அங்கே ஊகம் பயமாக மாறிவிடுகிறது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியக்கா எழுந்து போய் அந்தக் கட்டைகளைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து, "எங்கட ஊரிலயும் இப்பிடித்தான் ஒருநாள் கல்லு நட்டவை. நாங்கள் ஒரு வருசம் அழுதுபோட்டுத்தான் கேட்கப் போனனாங்கள். நீங்கள் அழாமல் கேளுங்கோ" என்றார். பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். ஐந்து வயதில் இந்த மலையை விட்டுப் போனவர், இந்த மலைப் பெண்களுக்குக் கடிதம் எழுதக் காட்டிக் கொடுத்தார். கேள்விகள் நான்குதான். கட்டைகளை அடித்தது யார்? எதற்காக? எங்கள் லயம் எல்லைக்குள் வருகிறதா? வருமானால் எங்களுக்கு என்ன ஏற்பாடு? அன்று மாலையே 23 பேர் கையொப்பமிட்டார்கள்.

ஒக்டோபரில் பதில் வந்தது. கேபிள் காரும் இல்லை, கண்ணாடிப் பாலமும் இல்லை. சரிவில் மண் நகர்கிறதா என்று பார்ப்பதற்காக அடித்த அடையாளக் கட்டைகள் அவை. கடும் மழையில் அவ்விடம் ஆபத்தானது என்றும் எழுதியிருந்தது. பந்தயம் கட்டிய தங்கைக்கு ஏமாற்றம். தாய்மாருக்கு வேறு ஒரு பயம். ஆனால் இம்முறை எதற்குப் பயப்பட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். எச்சரிக்கை கடதாசியில் இருந்தால் போதாது, போக இடமும் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்தது. நாங்கள் ரொட்டி சாப்பிட்ட லயத்தில், மழை வலுத்த முதல் நாளே பெண்கள் பிள்ளைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு பாடசாலைக்குப் போய்விட்டார்கள். இரவில் மண் இறங்கிப் பின்பக்கக் குசினிகள் இரண்டை மூடியது. உயிர்ச்சேதம் இல்லை. தொலைபேசித் தொடர்பு கிடைத்ததும் பெரியக்கா முதலில் கேட்டது, "எல்லாரும் இருக்கிறீங்களா?" என்பதுதான்.

ஆனால் அவர்களுக்குப் பாதுகாப்பான காணி இன்னும் வேண்டும். அடுத்த கடிதம் அதைப் பற்றியது.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் கடற்கரையிலோ காட்டோரத்திலோ வயற்கரையிலோ கட்டைகள் முளைக்கலாம். ஹோட்டல் வரும், பூங்கா வரும், வேலை வரும் என்று பேச்சு எழலாம். பிள்ளைகள் கனவு காணட்டும், அது அவர்களின் வயது. நாங்கள் கேட்போம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். கடிதத்தின் பிரதி ஒன்றைக் கட்டாயம் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழியில் பெரியக்காவிடம், அந்தக் கம்பியில் பறக்க ஆசை இல்லையா என்று கேட்டேன். "ஆசைதான். ஆனா காசு கூட" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "அடுத்த முறை வந்தால் அந்த ஊஞ்சலில எண்டாலும் ஒருக்கா ஆட வேணும்."

அடுத்த பயணத்துக்கு எங்கள் சேமிப்புக் குழு இப்போதே சிறிது சிறிதாகக் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டது.