ஈரம்

1990 ஒக்டோபர் 30இல் சோனகதெருவை விட்டு வெளியேற்றப்பட்டபோது, உம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தது விறாந்தையிலிருந்த அந்தூரியச் சாடியைத்தான். புத்தளத்தில் வேறொன்று வளர்த்தா. 2010இல் அதன் கன்றோடு நான் ஊர் திரும்பினேன். உம்மா புத்தள மண்ணிலேயே அடங்கிவிட்டிருந்தா.

சோளகம் வீசியதும் இலையோரம் கருகியது. கிணற்றுநீரைத் தெளித்தேன். ஈரம் நிமிடங்களில் போனது. சுண்ணாம்புதான் இலையில் வெள்ளையாய்ப் படிந்தது. தட்டில் கல்லும் நீரும் வைத்து, அதன்மேல் சாடியை வைத்தேன். அதுவும் கொஞ்சந்தான் உதவியது.

அப்போதுதான் உம்மா சொன்னது நினைவுக்கு வந்தது: "தனிச்சு நிக்கிற செடிதான் மகன், முதல்ல காயும்."

யன்னலை விட்டுத் தள்ளி, மற்றச் சாடிகளோடு நெருக்கி வைத்தேன். ஒன்று விடும் ஈரமூச்சு மற்றதைக் காத்தது. புது இலை விரிந்தது.

அன்று எங்கள் ஒழுங்கையில் விளக்கெரிந்தது இரண்டே வீடுகளில். மூன்றாவது வீட்டுக்கு ஆள் வந்த அன்று, முதற்கன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.