கணக்குக் காட்டாதவருக்குக் குடத்தில் இடமில்லை

"கண்டுணர் சுற்றுலா என்றால் அட்மா திட்டத்தில்தான் போக வேண்டுமா? நாங்களே கிளம்பிப் போகக் கூடாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். செய்யாறு பக்கத்தில் நான் வேலை பார்க்கும் வட்டாரத்தில், ஏரிப்பாசன கிராமம் ஒன்றிலிருந்து தை மாதக் கடைசியில் 38 பேர் அப்படித்தான் போய் வந்தோம். சம்பா அறுவடையும் நவரை நடவும் முடிந்திருந்த நேரம். ஆளுக்கு 500 ரூபாய், வாடகைக்கு ஒரு பஸ், வீட்டில் கட்டிய புளிசோறு. வழிகாட்ட ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் வந்தார். உத்திரமேரூர், வேடந்தாங்கல், மதுராந்தகம் மூன்றும் ஒரே நாளில் பார்க்கக்கூடிய தூரம்தான்.

நான் அவர்களை அழைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த ஊர் ஏரியின் மீன் ஏலப் பணத்துக்கு இரண்டு வருடமாகக் கணக்கு இல்லை. கணக்கு கேட்டவர்களும் நோட்டு வைத்திருப்பவரும் பேசிக்கொள்வதில்லை. கலங்கல் முழுக்க சீமைக்கருவேலம். கார்த்திகை மழையில் மதகுக்குப் பக்கத்தில் கரை கசிந்தபோது, மணல் மூட்டை யார் போடுவது என்ற சண்டையிலேயே அரை நாள் போய்விட்டது. கடைமடையில் 60 ஏக்கர் நெல் அன்று தப்பியது அதிர்ஷ்டம்தான். பஸ்ஸிலும் ஒரு கட்சி முன்பக்கம், ஒரு கட்சி பின்பக்கம் என்றே உட்கார்ந்தார்கள்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் பெரிய கோயில் அல்ல. கோபுரம் பார்க்கப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அங்கே பார்க்க வேண்டியது சுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய எழுத்துகள் அதில் இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்லும் குடவோலை முறை அது. ஏரியைக் கவனிக்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் தனியாக உண்டு. பதவிக்காலம் 360 நாள். வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். நம் பக்கத்துக்கு வேலிக் கணக்கு பழக்கமில்லை. ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விதி. பையன் எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கக் கூடாதல்லவா? ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆட்களும் நம்மைப் போலத்தான் இருந்திருக்கிறார்கள்!

அடுத்து ஆசிரியர் சொன்னதில்தான் கூட்டம் அமைதியானது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார் என்று உறவு முழுவதும் வரிசையாக விலக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியருக்கு எங்கள் ஊர்ச் சண்டை எதுவும் தெரியாது. அவர் பாட்டுக்கு விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனார். பின்பக்கக் கட்சி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. நோட்டு வைத்திருப்பவர் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சார், பொம்பளைங்க பேரு குடத்துல போட்டாங்களா?" என்று கேட்டார் ஓர் அம்மா. ஆசிரியர் மழுப்பவில்லை. இது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர், வேதம் படித்த ஆண்கள் பெயர் மட்டுமே குடத்துக்குள் போனது, வயலில் இறங்கி உழுதவர் பெயர் போகவில்லை என்று நேராகச் சொன்னார். "அப்ப எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்க வேணாம். கணக்கு விஷயத்தை மட்டும் எடுத்துக்குவோம்" என்றார் அந்த அம்மா. அவருக்குக் கடைமடையில் ஒன்றரை ஏக்கர்.

அந்த ஊர் ஏரிக்கு வயிரமேகத் தடாகம் என்பது பழைய பெயர். பொன் கொடுத்து, அதன் வட்டியில் தூர் வார வேண்டும் என்று எழுதி வைத்த தர்மங்களும் இந்த ஊர்க் கல்வெட்டுகளில் உண்டு.

வேடந்தாங்கலில் மதியச் சாப்பாடு. நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் என்று மரங்கள் தெரியாத அளவுக்குப் பறவைகள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊரார் அனுபவம். எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பது உண்மைதான். அதற்காக உங்கள் ஏரியில் நாலு கொக்கு வந்ததும் யூரியாவை நிறுத்திவிடாதீர்கள்; மண் பரிசோதனை செய்துவிட்டுக் குறையுங்கள். நத்தைக்குத்தி வந்தால் மட்டும் விரட்டவே வேண்டாம். நெல் வயல் நத்தையை அது பார்த்துக்கொள்ளும்.

வெள்ளைக்காரர்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் அன்றைய கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை 1798இல் எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். இன்றும் தீபாவளிக்கு அங்கே வெடிச் சத்தம் இல்லை.

அதே பிளேஸ் துரையின் பெயரைத்தான் சாயங்காலம் மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில் தாயார் சன்னதியில் கல்லில் பார்த்தோம். ராமானுஜருக்குப் பெரிய நம்பி தீட்சை கொடுத்த தலமும் இதுதான். ஏரிக்கதை பலருக்குத் தெரிந்திருக்கும். மழைக்கு மழை கரை உடைகிறது. இந்த வருடம் கரை நின்றால் சன்னதி கட்டித் தருகிறேன் என்கிறார் துரை. அடைமழை இரவில் கரையைப் பார்க்கப் போனவர் கண்ணுக்கு, வில்லேந்திய இருவர் காவல் நிற்பது தெரிகிறது. கரை நின்றது.

சன்னதியில் எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். நானும்தான். வெளியே வந்து ஏரிக்கரையில் நடக்கும்போது, மடை திறந்து மூடும் வேலையை 40 வருடம் பார்த்த பெரியவர் சொன்னார்: "ராமர் நின்னது ஒரு ராத்திரி, மேடம். மத்த ராத்திரி எல்லாம் மம்பட்டியோட எவனோ நின்னிருக்கான்ல? அவன் பேரைக் கல்லுல வெட்டல." சொல்லிவிட்டு மதகின் கல்கட்டைக் குனிந்து தடவிப் பார்த்தார். எங்கள் ஊர் மதகில் அந்த இடத்தில்தான் கசிவு.

திரும்பும்போது பஸ்ஸில் பேச்சு வெடித்தது. முதலில் குத்தல், பிறகு சத்தம். நான் குறுக்கே போகவில்லை. அதிகாரி பேசினால் அது அரசாங்கப் பேச்சாகிவிடும். கடைசியில் நோட்டு வைத்திருப்பவரே எழுந்து, "ஞாயித்துக்கிழமை புள்ளையார் கோயிலாண்ட நோட்டைக் கொண்டாரேன். எல்லாரும் வாங்க. என் மாமனாரை மட்டும் இதுல இழுக்காதீங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

சொன்னபடி கொண்டுவந்தார். கடைமடை அம்மாவின் மகள், பிளஸ் டூ படிக்கிற பெண், வரவையும் செலவையும் சத்தமாகப் படித்தாள். 3,200 ரூபாய்க்கு ரசீது இல்லை. அதைப் பற்றிப் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கையிருப்புப் பணத்தில் கலங்கலில் இருக்கும் கருவேலத்தை வேரோடு எடுக்க மாசி 10ஆம் தேதி ஜேசிபி வந்தது.