மல்லாட்டைக் கொல்லையில் கிடைத்த பூக்காசு

"லட்ச ரூபா தர்றாங்களாம். மொதல்ல 2,000 ரூபா கட்டச் சொல்றாங்க" என்று திண்டிவனத்திலிருந்து அத்தை போன் செய்தார். மல்லாட்டை பிடுங்கும்போது கிடைத்த செப்புக்காசாம். வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. ஒரு பக்கம் பூ, மறுபக்கம் அரைகுறையாகத் தமிழ்.

பணம் கட்ட வேண்டாம் என்றேன். இப்படிப் பழைய நாணயத்துக்குக் கட்டணம் கேட்கும் மோசடி பற்றி 2021-லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். இருக்கிற எழுத்தும் போய்விடும்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மறுபடி எடுக்கச் சொன்னேன். இப்போது படிக்க முடிந்தது: 'புதுச்சேரி'! அந்தப் பூ, பிரெஞ்சு அரசர்களின் சின்னமான லில்லி. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்காக அடித்த துட்டு இது. பூவுக்குப் பதில் சேவல் இருந்தால் 1830-களின் காசு. பக்கத்து ஊர்க் காசு நம் கொல்லைக்கு வந்ததில் ஆச்சர்யமில்லை. பிரான்ஸ்காரன் அடித்த காசில் தமிழ் இருப்பதுதான் எனக்குப் பிடித்தது.

உங்களுக்கும் கிடைத்தால் ஒன்று கவனியுங்கள். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்தே ரூபாய்தான்!