பாடம் செய்தவர்களின் கைகள்

ஜனவரி 21, செவ்வாய். கெய்ரோ.

ஃபுஸ்தாத் பகுதியிலுள்ள எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் காலையிலேயே போய்விட்டேன். அரச மம்மிகளின் கூடம் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சரிவான பாதையில் இறங்க இறங்க வெளிச்சம் குறைகிறது. சுவரெல்லாம் கறுப்பு. அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைக்குள் நடப்பதுபோல் அமைத்திருக்கிறார்கள். படம் எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். நல்லதுதான். கைபேசி பைக்குள் போனபிறகுதான் கண் வேலை செய்யத் தொடங்குகிறது.

2021 ஏப்ரல் 3 அன்று 18 அரசர்களும் 4 அரசிகளும் தஹ்ரீர் சதுக்கத்துப் பழைய அருங்காட்சியகத்திலிருந்து ஊர்வலமாக இங்கே வந்தார்கள். 21 குண்டுகள் முழங்க வரவேற்பு.

வரிசையில் முதலில் படுத்திருப்பவர் தீப்ஸை ஆண்ட செக்கனென்ரே தாவோ. வடக்கே ஆட்சி செய்த ஹிக்சோஸ்களை எதிர்த்தவர். வாய் திறந்திருக்கிறது, பற்கள் தெரிகின்றன, நெற்றியில் ஆழமான வெட்டு. இந்த உடலின் மோசமான நிலையைப் பார்த்து, போர்க்களத்திலேயே யாரோ அவசர அவசரமாகப் பாடம் செய்திருப்பார்கள் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2021இல் வெளிவந்த சி.டி. ஸ்கேன் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. கைகள் பின்னால் கட்டப்பட்ட நிலையில், பலர் வெவ்வேறு ஆயுதங்களால் தாக்கியிருக்கலாம். பிறகு, உடலைப் பாடம் செய்தவர்கள் தலைக்காயங்களைத் தோலுக்கடியில் பூச்சு வைத்து மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். பிடிபட்டுச் சிதைந்த ஒருவரை, முகம் பார்க்கும்படியாக அனுப்பிவைக்க வேண்டும் என்று நினைத்த கைகள் அவை. அங்கேயே வெகுநேரம் நின்றேன்.

முறையாகப் பாடம் செய்யும் சடங்கு 70 நாள். அதில் சுமார் 40 நாள் நேட்ரான் உப்பில் உடல் உலரும். மூளையை மூக்கு வழியாகக் கொக்கியால் எடுப்பார்கள். நுரையீரல், ஈரல், இரைப்பை, குடல் எல்லாம் வெளியே வரும். இதயம் மட்டும் உள்ளேயே இருக்கும். மறுமையில் அதைத் தராசில் நிறுப்பார்கள் என்பது நம்பிக்கை.

இரண்டாம் ராம்சேஸ் முன்னால்தான் கூட்டம். 66 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டு, 90 வயதை ஒட்டி இறந்தவர். பின்தலையில் செம்பட்டை முடி இன்னும் இருக்கிறது. கழுகு மூக்கு அப்படியே நிமிர்ந்து நிற்கிறது. அந்த மூக்கின் துவாரங்களில் மிளகு இருந்தது. மிளகு தென்னிந்தியாவின் மேற்கு மலைகளில் காய்த்த சரக்கு. நம் ரசத்துக்குத் தட்டிப்போடும் அதே மணி, 3,200 ஆண்டுகளுக்கு முன்னால் எத்தனையோ கை மாறி, கடல் கடந்து நைல் கரைக்குப் போய், ஒரு பேரரசனின் உடலுக்குள் இருந்திருக்கிறது. உடல் சிலிர்த்தது.

மூன்றாம் ராம்சேஸின் கழுத்தைச் சுற்றியுள்ள துணி இன்றும் விலகாமல் இருக்கிறது. அதன் அடியில் இருப்பது 2012இல்தான் உலகுக்குத் தெரிந்தது. மூச்சுக்குழல் அறுந்து, எலும்புவரை போன வெட்டு. அந்தப்புரச் சதியின் வேலை. அந்த வெட்டுக்குள் ஹோரஸின் கண் தாயத்து ஒன்றை வைத்து மூடியிருக்கிறார்கள். அந்தக் கண் காயத்தை ஆற்றும் என்று நம்பியவர்கள். செத்தவனின் காயத்துக்கும் மருந்து!

ஜனவரி 23, வியாழன். லக்சர்.

ஹட்ஷெப்சுட் கோயிலுக்குத் தெற்கே உள்ள பாறைச் சரிவைப் பார்த்தேன். கெய்ரோவில் பார்த்த கூடத்திலுள்ள பலர் அந்தச் சரிவில் ஒரு குழிக்குள்தான் ஒளித்து வைக்கப்பட்டிருந்தார்கள். கல்லறைக் கொள்ளை பெருகிய காலத்தில், 21ஆம் வம்சத்துப் பூசாரிகள் அரசர்களின் உடல்களை மீட்டு, புதுத்துணி சுற்றி, யார் இவர், எப்போது மாற்றினோம் என்று எழுதிவைத்து, இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்த எழுத்து இல்லாவிட்டால் இரண்டாம் ராம்சேஸைக்கூட நாம் அடையாளம் கண்டிருக்க முடியாது. 1881இல் உடல்களை வெளியே எடுத்துப் படகில் கெய்ரோவுக்குக் கொண்டுபோனபோது, நைல் கரையில் கிராமத்துப் பெண்கள் தலைவிரிகோலமாக ஒப்பாரி வைத்தார்களாம்.

1980இல் அதிபர் சதாத், தஹ்ரீர் சதுக்கத்துப் பழைய அருங்காட்சியகத்தின் மம்மி அறையை மூடச் சொன்னார். 1994இல்தான் திரும்பத் திறந்தார்கள். இறந்தவர்களை வேடிக்கை பார்க்கலாமா என்ற அந்தத் தயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் பெயர், காலம், வாழ்வு, சாவு எல்லாவற்றையும் சொல்லி, மங்கிய ஒளியில், படமெடுக்க விடாமல் காட்டுகிற ஃபுஸ்தாத் கூடத்தில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கெய்ரோ போகிறவர்கள் ராம்சேஸை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். செக்கனென்ரேவின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் சினிமாவில் வரும் மம்மி சாபக் கதையைச் சொல்லாதீர்கள். அந்தக் காயங்களை மூடிவிட்டவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.