தாட்சண்யம்

என் குரலை நான் ஒழுங்காகக் கேட்டது ஒரு கைபேசிப் பதிவில்தான். நான் டாக்டர் இல்லை. சில வாரப் பயிற்சியோடு மனச்சோர்வுற்றவர்கள் எதிரில் உட்காருகிறவன். சம்மதத்தோடு பதிவான பேச்சைச் சக ஆலோசகர்கள் கேட்டு, அவரவர் இடத்திலிருந்தே செயலியில் மதிப்பெண் இடுவார்கள்.

கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரை இரு பிரிவாக்கி ஒரு சோதனை நடந்தது. நிபுணரல்லாதவர்கள் தந்த சிகிச்சை பலித்ததென்று 2016 டிசம்பரில் 'லான்செட்' வெளியிட்டது. அங்கும் ஆலோசகர்கள் ஒருவர் பதிவை ஒருவர் கேட்டு அளந்தார்கள்.

என் பதிவில் ஒரு பெண், 'ராத்திரி தூக்கமே வரலே' என்கிறாள். மௌனம். பொறுக்காமல் நான்: 'எல்லாம் சரியாயிடும்.' மௌனத்தை உடைத்தது அவளுக்காக அல்ல, எனக்காக. அந்த இடத்தில் நண்பர் பூஜ்யம் போட்டிருந்தார். கோபம் வந்தது. என் கவிதைகளைப் 'பிரமாதம்' என்று சொல்லியே கெடுத்தவர்கள் மேல் இந்தக் கோபம் வந்ததில்லை.

கருவி எண்களைக் கூட்டித் தரும். அவற்றில் தாட்சண்யம் எவ்வளவு என்று சொல்லாது. கவிதை விஷயத்தில் தாட்சண்யத்தால் கெடுவது கவிதைதான். இங்கே கெடுவது, பேசிவிட்டு வீடு திரும்பியவளின் இன்னொரு ராத்திரி.

இந்த வாரம் அந்த நண்பரின் பதிவு என்னிடம். அவரும் ஒரு மௌனத்தை அவசரமாக மூடியிருக்கிறார். முழு மதிப்பெண் போட விரல் போயிற்று. நிறுத்தி, முதலிலிருந்து திரும்பக் கேட்டேன்.