சுமை இறக்கும் இடங்கள்

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் தொடங்கி வெள்ளகெவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் மலைப்பாதையில் ஆட்களை அழைத்துப்போகும் வேலையைப் பெரியப்பாவிடம் கற்றுக்கொண்டு வருகிறேன். சொந்தப் பெரியப்பா இல்லை; இந்தப் பக்கம் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இளவயதில் இதே பாதையில் காப்பி மூட்டையும் எலுமிச்சை மூட்டையும் சுமந்தவர். குதிரை கிடைத்த நாளில் குதிரை முதுகில், கிடைக்காத நாளில் தன் தலையில்.

முதல் பருவம் முழுக்க அவர் என்னை முன்னால் நடக்க விடவில்லை. "கடைசி ஆளுக்குப் பின்னால வா தாயி. அவுக காலு எப்படி விழுதுன்னு பாத்துக்கிட்டே வா" என்பார். வந்தவர்கள் எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்து மலைத்துக்கொண்டிருக்க, நான் குதிகால்களைப் பார்த்தபடி நடந்தேன். சில வாரங்களில் அந்தக் குதிகால்கள் பேசத் தொடங்கின. நேராக இறங்கிக்கொண்டிருந்தவர் பக்கவாட்டில் கால் வைக்க ஆரம்பித்தால் தொடை சோர்ந்துவிட்டது. கை தானாக மரத்தைத் தேடினால் முட்டி வலிக்கிறது. நன்றாகப் பேசிக்கொண்டு வந்தவர் பேச்சை நிறுத்தி, கூட வருபவர் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினால், அடுத்த வளைவுக்குள் அவரை உட்கார வைத்தாக வேண்டும்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆளுக்கே தெரியும், நின்றுவிடுவார். இறக்கத்தில் மூச்சு சீராகத்தான் இருக்கும். அதனால் தன்னிடம் எவ்வளவு தெம்பு மிச்சம் என்பது நடப்பவருக்கே தெரிவதில்லை. கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. இந்தப் பாதை ஒரே பகலில் 5,000 அடிக்கு மேல் இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. நடுக்கம் வருவதும், மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் போவதும் அதனால்தான். ஆகவே புறப்படும் முன்பே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுவேன். கால் நகம் வெட்டியாயிற்றா? ஷூ கயிற்றைக் கணுக்காலோடு சேர்த்து இறுக்கியாயிற்றா? கோல் இருக்கிறதா? கோல் இறக்கத்தில் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். உடம்புக்கு முன்னால் அது தரையைத் தொட்ட பிறகே கால் இறங்க வேண்டும்.

இதெல்லாம் யாரும் கற்றுத்தரக்கூடியவை. பெரியப்பா எனக்குத் தந்த பெரிய பாடம், எங்கே நிறுத்துவது என்பது.

டால்பின் நோஸ் பாறைக்கு வருகிற எல்லோரும் அங்கே நிற்கிறார்கள். கீழே பெரியகுளம் சமவெளி, வானம் தெளிந்திருந்தால் வைகை அணையின் நீர்ப்பரப்பு. படம் எடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அதுவரை கால் களைத்திருக்காது. அங்கே அரை மணி நேரத்தைச் செலவழித்துவிட்டால் பிறகு கால் கெஞ்சும் இடத்தில் நிற்க நேரம் இருக்காது. பெரியப்பா அந்தப் பாறையைச் சீக்கிரம் தாண்டவைத்து, கொஞ்ச தூரம் தள்ளி, எந்தக் காட்சியும் இல்லாத ஒரு மரத்தடியில் நிறுத்துவார். இடுப்பு உயரத்துக்கு ஒரு பாறைத் திட்டு இருக்கும். வெயில் விழாது, ஓரளவு காற்று வரும், பக்கத்தில் ஊற்று. அங்கே ஏன் என்று கேட்டேன். "தலைச்சுமையக் குனியாம இறக்கி வைக்க இந்த ஒசரந்தான் தோது. குதிரையும் இங்கன வந்தா தானா நிக்கும்" என்றார். சுமை தூக்கியவர்கள் எத்தனையோ தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த இடங்கள் அவை. பாதை நெடுகிலும் அப்படி உண்டு. இப்போது நான் அந்த இடங்களைத்தான் மனப்பாடம் செய்கிறேன். காட்சி முனைகளை எந்த வரைபடமும் சொல்லிவிடும்.

இந்தப் பாதையின் வயதும் அந்தச் சுமை இறக்கும் இடங்களுக்குள் அடங்கியிருக்கிறது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் சமவெளிக் காய்ச்சலுக்குத் தப்பிக் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியபோது இந்த மலைக்கு வண்டிச்சாலை கிடையாது. 1910களில் மோட்டார் சாலை திறக்கும் வரை, பெரியகுளம் பக்கத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும் ஆள் தூக்கும் நாற்காலியிலும்தான் துரைமார்கள் மேலே வந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் கொடைக்கானலில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. தோள் கொடுத்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நடக்க வருகிறவர்களிடம் இதை நான் கட்டாயம் சொல்கிறேன், அதுவும் அந்தப் பாறைத் திட்டில் உட்கார்ந்திருக்கும்போதே.

வெள்ளகெவி மலைச்சரிவில் தொத்திக்கொண்டிருக்கும் சிறிய ஊர். நெருக்கமாக வீடுகள், வீடுகளுக்கு நடுவிலேயே கோயில்கள், சுற்றிலும் நிழலில் காப்பிச் செடி. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. மண்ணையே கோயிலாக நினைக்கிறார்கள். வருகிறவர்களும் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லும் விதத்தையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஊர் வாசலில் நின்று "கழற்றுங்கள்" என்றால் கட்டளைபோல இருக்கும். சிலர் முகம் சுருங்கும். அதனால் வட்டக்கானலில் புறப்படும்போதே சொல்லிவிடுவோம். நடக்க நடக்க அது மனதில் ஊறிவிடும். எல்லைக்கு வந்ததும் பெரியப்பா எதுவும் பேசாமல் தன் செருப்பைக் கழற்றுவார், எல்லோரும் குனிவார்கள். இரண்டு மணி நேரமாக ஷூவுக்குள் வெந்த பாதங்கள் குளிர்ந்த மண்ணில் படும்போது அவர்கள் நடையே மாறிவிடும். குரல் தணிந்துவிடும். அந்த ஊரைப் பார்க்க அதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியவில்லை.

ஊரில் காப்பி கொடுப்பார்கள். கேட்டுத்தான் வாங்க வேண்டும், காசு கொடுத்துத்தான் குடிக்க வேண்டும். திண்ணையில் காயும் கொட்டையையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பானவள்.

ஊருக்குக் கீழே பாதையின் குணம் மாறுகிறது. சோலையின் குளிர்ச்சி போய் வறண்ட காடு, பாறை வெக்கை. பள்ளத்தில் பாம்பாற்றின் சத்தம். இந்த மலையிடுக்கு முழுவதும் தண்ணீர் அறுத்தது, இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறது. கும்பக்கரையில் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் குடைந்த ஆழமான குழிகள் உண்டு. மேலே பார்த்தால் அசையாத நீர், உள்ளே சுழல். கீழே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே மேல்மலையில் பெய்த மழை திடீரென்று வந்து சேரும். மழை நாட்களில் வனத்துறை அங்கே குளிக்கத் தடை போடுவது அதனால்தான். தண்ணீர் கலங்குகிறதா, சருகும் குச்சியும் மிதந்து வருகின்றனவா, இரைச்சலின் அடிக்குரல் கனக்கிறதா என்று பார்க்கப் பெரியப்பா பழக்கினார். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் எல்லோரையும் கரையேற்றிவிட்டுத்தான் மறுபேச்சு.

ஏரிப்பக்கம் நடத்திப்போவது வேறு வித்தை. கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரைக் கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச் அணை கட்டி உண்டாக்கியது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சுற்று, சமதளம், வழி சொல்ல ஆளே தேவையில்லை. காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிக்கோ வனத்துறை அனுமதி வேண்டும். அங்கே காலுக்கு வேலை குறைவு, காதுக்கு அதிகம். கருமந்தி மேலேயிருந்து குரைக்கும் தொனி மாறினால் கீழே ஏதோ நடமாடுகிறது. காட்டெருமை தலையைத் தூக்கிச் சீறினால் நாம்தான் பின்வாங்க வேண்டும், ஓடாமல், கன்றுக்கும் தாய்க்கும் நடுவே புகாமல். அட்டைக்கு உப்பும் புகையிலைத் தண்ணீரும் போதும்.

வெயில் காலத்தில் இந்த வேலை கிடையாது. 2018 மார்ச் மாதம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரைக் காட்டுத்தீ கொண்டுபோனது. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. தனக்கு மேலே இருக்கும் புல்லைச் சூடேற்றிக் காயவைத்துக்கொண்டே அது ஏறுகிறது. அதற்குப் பிறகு வந்த அரசு விதிகளும் அனுமதிச் சீட்டும் நடப்பவர்களுக்குத் தொந்தரவாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அனுமதி இல்லாத ஒரு பாதையில் எவ்வளவு பணம் தந்தாலும் நான் ஆள் அழைத்துப்போக மாட்டேன்.

வெள்ளகெவிக்குச் சாலை வேண்டும் என்பது ஊராரின் நெடுநாள் கோரிக்கை. பிரசவ வலி வந்தவளை டோலியில் தூக்கிக்கொண்டு ஏறிய ஊர் அது. பாதையின் அழகைச் சொல்லி அந்தக் கோரிக்கையைக் குறைத்துப் பேச எங்களைப் போன்றவர்களுக்கு உரிமை இல்லை. சாலை வரட்டும். ஆனால் சாலை வந்தபின் கால்பாதையைக் கவனிக்க ஆளில்லாமல் போனால், இரண்டு மழைக்காலத்தில் அது ஓடையாகிவிடும். அதனால் இப்போது நான் கற்றுக்கொண்டிருப்பது மண்வெட்டி வேலை. மழைத் தண்ணீர் பாதை நெடுக ஓடி மண்ணை அரிக்காமல், அங்கங்கே குறுக்காகச் சாய்வான வாய்க்கால் வெட்டிப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவிட வேண்டும். சாய்வு போதாவிட்டால் மண் தேங்கி மூடிவிடும். கூடினால் வாய்க்காலே பாதையை உடைத்துவிடும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஊற்றுக்கு மேலே இருக்கும் வளைவை முடித்தாக வேண்டும் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். அவர் கோலால் தரையில் கோடு கிழிக்கிறார், நான் வெட்டுகிறேன்.